நாலு நாளைக்கு ஒரு டம்ளர்

இருதயமேரி பையிலிருந்து தொட்டியை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

நர்சரிக்காரர் நல்லுசாமி அடீனியச் செடியின் பருத்த அடித்தண்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். விரல் உள்ளே போனது.

போன தடவையும் இப்படித்தான் கொண்டுவந்தாள். அழுகிய வேரை வெட்டி, மணல் கலந்த மண்ணில் நட்டுக்கொடுத்து, நாலு நாளைக்கு ஒரு டம்ளர் தண்ணீர், அதற்குமேல் ஒரு சொட்டுக் கூடாது என்று சொல்லி அனுப்பினார். அவளும் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். பங்குக் கோயில் காலண்டரில் புள்ளி வைத்து, புள்ளி வைத்த நாளில் மட்டும், ஒரே எவர்சில்வர் டம்ளரில் ஊற்றினாள். ஜெபமாலை சொல்வதில்கூட அவள் அவ்வளவு கறாராக இருந்ததில்லை.

வீடு இருக்கும் பொன்மலையில் செடிக்கடை இல்லாமலில்லை. ஆனால் அங்கே எந்தக் கடையில் நின்றாலும் ரயில்வே ஒர்க்‌ஷாப் ஆள் ஒருவர் கண்ணில் படுவார். சாயங்காலத்துக்குள் விஷயம் அங்கேயே வேலை பார்க்கும் அவள் கணவர் சவரிநாதன் காதுக்குப் போய்விடும். அதனால்தான் இரண்டு பஸ் மாறி ஸ்ரீரங்கம் வரை வந்திருக்கிறாள். மணி மூன்றாகப் போகிறது. வேலை முடிகிற சங்கு ஊதி அவர் வீட்டுக்கு வருவதற்குள் திரும்பிவிட வேண்டும்.

செடி, மகள் பிரான்சி வைத்தது.

போன வருடம் பிரான்சி தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொண்டு ஓசூர் போனாள். அன்றைக்கே சவரிநாதன் அவளுடைய போட்டோ, புத்தகம், செருப்பு எல்லாவற்றையும் அள்ளி மூட்டை கட்டினார். அவள் பொருள் ஒன்றுகூட இந்த வீட்டில் இருக்கக் கூடாது என்றார். இருதயமேரியால் ஒளித்துவைக்க முடிந்தது இந்த ஒரு தொட்டியைத்தான். கொல்லையில், துவைக்கிற கல்லுக்குப் பின்னால்.

பார்த்துப் பார்த்து ஒளித்த லட்சணம், நாலடி தள்ளித்தான் அவருடைய சைக்கிள் நிற்கும். தினமும் காலையில் வேலைக்குக் கிளம்புமுன் கொல்லைக்குப் போய் செயினுக்கு எண்ணெய் போடுவார், அப்புறம் குழாயில் கை கழுவுவார். அந்தத் தண்ணீர்ச் சத்தம் நிற்கிறவரை இவள் அடுப்படியில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். இன்றைக்குப் பார்த்துவிடுவார், இன்றைக்குத் தூக்கி எறிந்துவிடுவார் என்று ஒவ்வொரு காலையும் செத்துப் பிழைத்தாள்.

போன் பேசும்போது பிரான்சி, அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்கமாட்டாள். செடி இருக்காம்மா என்றுதான் கேட்பாள். இருக்கு என்று சொன்னால், சரிம்மா என்று வைத்துவிடுவாள்.

இப்போது அவளுக்கு ஏழாம் மாதம். தலைப்பிரசவத்துக்கு வரலாமா என்று அவளும் கேட்கவில்லை. வா என்று சொல்ல இவளுக்கும் தைரியமில்லை. இந்த நேரத்தில் செடி செத்துப்போச்சு என்று எந்த வாயால் சொல்வது?

பக்கத்தில் அடுக்குமாடிக்காரர் ஒருவர், வருடம் முழுவதும் பூக்கிற, இலை கொட்டாத, வெயிலும் கேட்காத செடியாக ஒன்று வேண்டும் என்று நின்றுகொண்டிருந்தார். மனிதர்களிலேயே அப்படி யாரும் கிடையாது. இருதயமேரிக்கு அதெல்லாம் வேண்டாம். இது பிழைக்கும் என்று கடைக்காரர் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

அந்த வார்த்தை வராமல் போகவே அவளுக்குக் கோபம் வந்தது. மண் கலவை சரியில்லை, நீங்கள் கொடுத்ததுதானே என்றாள்.

நல்லுசாமி தொட்டியைக் கவிழ்த்தார். மண் சேறாக வந்து விழுந்தது. ஒரு பிடி எடுத்துப் பிழிந்தார். விரல் இடுக்கில் தண்ணீர் ஒழுகியது.

கடைசியாக ஊற்றி மூன்று நாளாகிறது என்று அவள் வேளாங்கண்ணி மாதா மேல் சத்தியம் செய்தாள்.

"நீங்க ஊத்தலைங்கம்மா, நம்புறேன். ஆனா யாரோ இதுக்குத் தினமும் ஊத்துறாங்க. வீட்ல வேற யாரு இருக்கா?"

யாருமில்லை என்று சொல்ல வாயெடுத்தாள்.

வீட்டில் இருப்பது இரண்டே பேர்.

எந்தச் சைக்கிள் செயினுக்குத் தினமும் எண்ணெய் வேண்டும்? பொன்மலையில் ஓடுகிற அத்தனை சைக்கிளில் மாதத்துக்கு ஒரு தடவையாவது எண்ணெய் பார்த்தது எத்தனை? ஒரு ஆள் கை கழுவ அவ்வளவு நேரமா குழாய் ஓடும்?

கவிழ்த்து வைத்திருந்த ஒரு தொட்டியின்மேல் உட்கார்ந்துவிட்டாள். முதலில் ஆத்திரம்தான் வந்தது. அந்த மனுஷன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் செடிக்கு இந்தக் கதி வந்திருக்காது. தானும்தான் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்பது அப்புறம்தான் உறைத்தது. கண் கலங்கியது.

நல்லுசாமி கத்தியை எடுத்து, அழுகல் தீருகிறவரை தண்டைச் சீவினார். உள்ளே பாதிக்குமேல் வெள்ளையாக இருந்தது. பிழைத்துக்கொள்ளும், ஆனால் பத்து நாள் நிழலில் காய வேண்டும், இங்கேயே இருக்கட்டும் என்றார். தினமும் ஊற்றுகிற அந்த இன்னொரு ஆளிடம் சொல்லி நிறுத்திவிடுங்கள் என்றார்.

நிறுத்தச் சொல்வதா? தான் தண்ணீர் ஊற்றுவது வெளியே தெரிந்துவிட்டது என்றால் சவரிநாதன் மறுநாளிலிருந்து அந்தப் பக்கமே திரும்பமாட்டார். முப்பது வருடமாக அவரைத் தெரியும் அவளுக்கு.

நாளைக் காலையிலும் எண்ணெய்க் குப்பியை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போவார். கல்லுக்குப் பின்னால் ஒன்றும் இருக்காது.

மணி மூன்றேகால். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"அதுவரைக்கும் அந்த எடத்துல வைக்க வேற ஒண்ணு குடுங்க. ரெண்டு பேரு தண்ணி ஊத்துனாலும் தாங்குற செடியா பாத்துக் குடுங்க."