எந்த ஓடை மீன்

பெர்னடெட் அக்கா கணவரின் மீன் தொட்டிகளைப் பளபளவென்று துடைத்து வைத்திருந்தார். யுகேந்திரன் கிட்டப் போய்ப் பார்த்தான்.

தொட்டிகளில் ஒட்டியிருந்த டேப் ஒன்றையும் காணோம்.

வாலண்டைன் அண்ணனின் முப்பதாம் நாள் பூசை முடிந்ததும், அவர் சாகும் முன் சொல்லிவைத்தபடி மீன்களை எடுத்துப்போகக் கிள்ளானுக்கு வந்திருந்தான். எல்லாம் காட்டுச் சண்டை மீன்கள். எந்த ஓடையில் பிடித்தது என்று ஒவ்வொரு தொட்டியிலும் அண்ணன் எழுதி ஒட்டிவிடுவார். பார்வைக்கு எல்லாம் ஒன்றுதான். ஆனாலும் ஓர் ஓடை மீனை இன்னோர் ஓடை மீனோடு சேர்க்கக் கூடாது. இடம் தெரியாத மீனை இந்த மீன் பைத்தியக் கூட்டத்தில் எவனும் சீண்ட மாட்டான்.

அதிலும் செமினி ஓடை இப்போது கிடையாது. மண் கொட்டி வீடு கட்டிவிட்டார்கள். அவனுக்குத் தெரிந்து அந்த மீன் மிச்சமிருப்பது இந்த வீட்டில் மட்டும்தான்.

இதில் எது செமினி?

“அழுக்கா இருக்குன்னு நாந்தான் உரிச்சிட்டேன் தம்பி. அதுக்கு ஏன் மூஞ்சி அப்படிப் போவுது? எது எந்த எடம்னு என்னையக் கேளு லா.”

அக்கா ஓரத்திலிருந்து ஆரம்பித்தார். இது ஷா ஆலம், தொழிற்சாலைக்குப் பின்னால், நாய் துரத்திய இடம். இது ரவாங், மழையில் நனைந்துகொண்டே நாசி லெமாக் தின்றது. யுகேந்திரன் டேப்பைக் கிழித்துக் கிழித்து ஒட்டினான். பூசைக்கு மட்டம் போட்டுவிட்டு அண்ணனோடு சுற்றிய ஞாயிறுகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. அந்த மாதிரி ஞாயிறு இனி எங்கே வரப்போகிறது.

கடைசித் தொட்டியில் அக்கா விரலை வைத்தார்.

“இதுதான் செமினி. காரு சேத்துல மாட்டிக்கிச்சி. இவரு எறங்கித் தள்ளுனாரு, வழுக்கி வுழுந்து ஒடம்பெல்லாம் செம்மண்ணு. நான் காருக்குள்ள உக்காந்து சிரிக்கிறேன், சிரிக்கிறேன், நிறுத்தவே முடியல.”

யுகேந்திரன் நிமிரவில்லை.

அன்றைக்குச் சேற்றில் விழுந்தவன் அவன்தான். காருக்குள் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தது வாலண்டைன் அண்ணன். மீனைக் கொண்டுவந்து தொட்டியில் விடும்போது வீட்டில் கதை கதையாய்ச் சொல்லியிருப்பார். அந்தக் காரில் மூன்றாவது ஆள் இல்லை. அக்கா ஒரு ஞாயிறுகூட அவர்களோடு வந்தது கிடையாது.

டேப்பில் ‘செமினி’ என்று எழுதி ஒட்டினான். பிறகு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான்.

“அப்புறம் என்னாச்சிக்கா?”