ஞாயிற்றுக்கிழமை ரேட்

ஆடிட்டர் அம்மா கேட்ட கேள்விக்கு என் மனைவி வாயால் பதில் சொல்லவில்லை. மூன்று நோட்டுப்புத்தகங்களை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

கேள்வி இதுதான்: பதினான்கு வருஷம் வெளிநாட்டிலிருந்து நான் பணம் அனுப்பிய ஒவ்வொரு தேதியிலும், அந்த நாட்டுப் பணம் ஒன்றுக்கு நம் பணம் எவ்வளவு?

வரி அலுவலகம் கேட்டிருந்தது. கடைசி எட்டு வருஷத்துக்கான தாள்களை வங்கி கொடுத்துவிட்டது. அதற்கு முந்தையதற்குக் கையை விரித்துவிட்டார்கள்.

உண்மையில் கேள்வி கேட்கப்பட்டது என்னிடம். "எல்லாம் எனக்கு மனப்பாடம்" என்று நானும் ஆரம்பித்திருந்தேன்.

மனப்பாடத்தை நகல் எடுத்துக் கடிதத்தோடு இணைக்க முடியாது என்றார் ஆடிட்டர் அம்மா.

அங்கே எனக்கு லிஃப்ட் மெக்கானிக் வேலை. பகல் முழுக்க லிஃப்ட் ஏறி இறங்குவதைப் பார்ப்பேன். சாயங்காலம் ரேட் ஏறி இறங்குவதை. லிஃப்டாவது நான் சொன்னால் கேட்கும்.

அறையில் கூட இருந்தவர்கள் என் பெயரை விட்டுவிட்டு "ரேட்டு" என்றுதான் கூப்பிட்டார்கள். அதை நான் பட்டமாக எடுத்துக்கொண்டேன்.

சம்பளம் வந்த அன்றே அனுப்புகிறவன் ஏமாளி என்பது என் கட்சி. ஒருமுறை பதினேழரையைத் தொடட்டும் என்று பத்தொன்பது நாள் காத்திருந்தேன். அது பதினாறுக்குப் போய் உட்கார்ந்தது. அப்போதும் போனில் இவளிடம், இது தற்காலிகச் சரிவு என்று மத்திய வங்கித் தலைவர் மாதிரி பேசினேன். அந்த மாத வாடகைக்கு இவள் என்ன செய்தாள் என்று இன்றுவரை கேட்டதில்லை.

ஆடிட்டர் அம்மா ஒரு நோட்டைப் பிரித்தார். மாதத்துக்கு ஒரு பக்கம், நாளுக்கு ஒரு வரி. தேதி, பக்கத்தில் எண்.

வங்கித் தாளில் ஒரு தேதியைப் பார்த்தார். பதினேழு புள்ளி நாற்பத்திரண்டு. நோட்டிலும் அதே. இன்னொரு தேதி. அதுவும் சரி. ஐந்து தேதி பார்த்தும் ஒரு புள்ளிகூடப் பிசகவில்லை.

நாற்காலியில் நான் கொஞ்சம் அகலமாக உட்கார்ந்தேன்.

"நான் பழக்கி விட்டதுங்க. தினமும் சாயங்காலம் போன்ல நான் சொல்லச் சொல்ல இவ எழுதிக்குவா."

இவள் எழுதி வைத்திருக்கிறாள் என்பதே எனக்கு அன்று காலையில்தான் தெரியும். அதனால் என்ன, பெருமைக்கு முன்தேதி போட்டுக்கொள்ளலாம்.

பணம் அனுப்பாத நாட்களுக்கும் ரேட் இருக்கிறதே என்றார் ஆடிட்டர் அம்மா.

போக்கைக் கவனித்திருக்கிறாள் என்று நானே முந்திக்கொண்டு சொன்னேன். இவளைப் பெருமையோடு பார்த்தேன். இவள் மேசையில் இருந்த குண்டூசி டப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பேனா முனை ஒரு வரியில் நின்றது. ஏழு வரி தள்ளி இன்னொன்றில் நின்றது.

"ஞாயித்துக்கிழமை எல்லாம் நம்பர் இல்லையே. 'ஒன்றும் சொல்லவில்லை'ன்னு எழுதியிருக்கு. இது என்னங்க?"

ஞாயிறு வங்கி விடுமுறை, அன்றைக்கு ரேட் கிடையாது. இதை விளக்க நான் வாயைத் திறந்தேன். இந்த முறை இவள் முந்திக்கொண்டாள்.

"இது ரேட் நோட்டு இல்லைங்க. பொண்ணு அப்போ சின்னவ. போன் வர்ற நேரம் வெளில விளையாடிட்டு இருப்பா. வந்ததும், அப்பா இன்னைக்கு என்ன சொன்னாருன்னு கேப்பா. அடுப்பு வேலைல மறந்துடக் கூடாதேன்னு எழுதி வெச்சேன்."

குரலில் குறை எதுவும் இல்லை. பஸ் வரும் நேரம் சொல்வது போலச் சொன்னாள்.

கொஞ்சம் பொறுத்து, "அப்புறம் அவ கேக்கறதை விட்டுட்டா. எனக்குக் கை பழகிடுச்சு" என்றாள்.

நான் மூன்றாவது நோட்டை இழுத்து வேகமாகப் புரட்டினேன். ஏதாவது ஒரு செவ்வாய், ஒரு வியாழன். எண் இல்லாத ஒரே ஒரு வேலைநாள். காய்ச்சலா என்றோ, மழையா என்றோ, ஒரு தடவையாவது நான் கேட்காமலா இருந்திருப்பேன்.

பதினாறு புள்ளி எண்பது. பதினாறு புள்ளி எண்பத்தொன்று. பதினேழு.

ஆடிட்டர் அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு மறுபடி ஆடிட்டராகிவிட்டார். இந்த நோட்டுகளையே சான்றாக வைத்துவிடலாம், வங்கித் தாளோடு பொருந்துவதால் பிரச்சினை வராது என்றார். எல்லாப் பக்கங்களையும் நகல் எடுக்கச் சொன்னார். ஒவ்வொரு நகலின் அடியிலும், 'இதில் உள்ளவை அனைத்தும் உண்மை' என்று என் கைப்பட எழுதி நான் கையெழுத்துப் போட வேண்டும்.

நான் லீவில் வந்த மாதங்கள் போக நூற்று ஐம்பத்தெட்டுப் பக்கம். பக்கத்துக்கு நான்கு ஞாயிறு. சிலவற்றில் ஐந்து.

போட்டேன். அறுபதாவது பக்கத்தில் விரல் மரத்துப்போயிற்று. கை வலிக்கிறது என்று இவளிடம் சொல்ல நினைத்தேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

இவள் அடுத்த தாளை என் முன்னால் நகர்த்தி வைத்தாள்.