பெனிலாவின் கையில் கிண்ணம்

திருவனந்தபுரத்துத் தமிழ்ச் சபையில் முதன்முறையாக ஒரு பெண் போதகர் திருவிருந்து கொடுக்க நிற்கிறாள். வண்ணக் கண்ணாடி வழியே விழும் சிவப்பு வெளிச்சம் பெனிலாவின் வெள்ளை அங்கியில் படிகிறது. எவ்வளவு இறுக்கிப் பிடித்தும் வெள்ளிக் கிண்ணத்தில் திராட்சரசம் அலைகிறது. பாட்டு முடிந்துவிட்டது, யாரும் எழவில்லை. மின்விசிறிகளின் சத்தமும், வெளியே கரமனை பஸ்ஸின் ஹாரனும் மட்டும் கேட்கின்றன. எல்லோரும் முன்வரிசையில் இருக்கும் தங்கநேசனையே பார்க்கிறார்கள். "பெண்ணு கையிலேருந்து வாங்கமாட்டேன்" என்று சபைக் கூட்டத்தில் சொன்னவர். அவர் எழுகிறார். வாசலுக்கா? கைத்தடிச் சத்தம் மெல்ல அவளை நோக்கி வருகிறது. முழங்காலிட்டவரின் உதடுகள் துடிக்கின்றன. "நடுங்காதீங்கம்மா. எனக்கும் பேடியாத்தான், பயமாத்தான் இருக்கு" என்கிறார், கண்ணைத் திறக்காமல். "மனசு மாறுறதுக்குள்ள தாங்க."