மீசைச் சாடை

ஜீப் சத்தம் கேட்டதும் மருதையன் பரணில் ஏறிக்கொண்டான். வேம்பு ஏணியைக் கொல்லையில் போட்டுவிட்டு வந்து, மகள் அம்சத்தை அணைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

மடத்து நிலத்தைக் காலி செய்யச் சொல்லியும் கேட்காமல் நடவு நட்டது அவன் குற்றம். உழுகிறவனுக்கே நிலம் என்று போன தேர்தலில் இதே தெருவில்தான் மைக் வைத்துச் சொன்னார்கள். அதை நம்பியது அதைவிடப் பெரிய குற்றம்.

பக்கத்து வீட்டு இராஜாங்கத்தை ஸ்டேஷனிலிருந்து தூக்கிக்கொண்டுதான் வந்தார்கள். அவனுக்கு இன்னும் நடக்க வரவில்லை.

முதலில் இன்ஸ்பெக்டரின் மீசை உள்ளே வந்தது. பிறகு இன்ஸ்பெக்டர்.

“எங்க உன் புருஷன்?”

“திருவையாத்துப் பக்கம் நாத்துப் பறிக்கப் போயிருக்காருங்க.”

அம்சம் அந்த மீசையையே பார்த்தாள். மேலுதட்டில் விரலை வைத்து முறுக்கினாள்.

அப்பா.

அது அப்பாவுக்கான சாடை என்று வேம்புக்குத் தெரியும்.

ஆறு வயதாகியும் பேச்சு வராத பிள்ளை. டவுன் சிண்ட்ரோம் என்று சொல்லி, கையால் பேசப் பழக்கியவர் மன்னார்குடி மெஹராஜ் பேகம் டீச்சர். கேட்டால் காட்டுவாள். தானாகக் காட்டியதே இல்லை. “அவளாக் காட்டுற அன்னைக்கு, கேட்டதை உடனே குடுத்துடும்மா. இல்லேன்னா மறுபடி காட்ட மாட்டா” என்றிருந்தார் டீச்சர்.

அந்த நாள் இன்றைக்கா வர வேண்டும்?

அம்சத்தின் விரல் உயர்ந்து பரணைக் காட்டியது.

மேலே மூங்கில் முனகியது.

“யோவ் ஏட்டு, பாருய்யா! மீசைங்குது, மேலங்குது. நான் டி.எஸ்.பி. ஆயிடுவேன்னு சொல்லுதுய்யா!”

இப்படிப் பிறந்த பிள்ளைகளின் வாக்கு பலிக்கும் என்று அவர் ஊரிலும் சொல்வார்கள் போலிருக்கிறது. பகுத்தறிவு ஆட்சியின் இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றிக் குனிந்தார்.

“இன்னொரு தரம் சொல்லு தாயி.”

அம்சத்தின் கை எழுந்தது. வேம்பு அவள் இரண்டு கைகளையும் பிடித்துத் தன் தொடைக்கடியில் அமுக்கினாள். பிள்ளை திமிறியது. இன்னும் அமுக்கினாள்.

“ஒரு தரந்தாங்க காட்டும்.”

அவர் பக்தியோடு தலையாட்டினார்.

ஜீப் போனதும் மருதையன் குதித்து இறங்கினான். மகள் முன்னால் குந்தி, மீசையை முறுக்கிக் காட்டினான். வேம்பும் தன் வெறும் உதட்டின் மேல் முறுக்கிக் காட்டினாள். மறுபடியும் காட்டினாள்.

அம்சம் அப்பாவைப் பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள்.

இரண்டு கைகளையும் தன் தொடைக்கடியில் வைத்துக்கொண்டாள்.