கழற்றியவன்

முத்துராமலிங்கம் தன் டிரைவர் கூத்தையாவைச் செருப்பால் அடித்தபோது ஊரில் ஒருத்தரும் குறுக்கே போகவில்லை. அடிக்கட்டும் என்றுதான் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

பின்னே, போனது அவருடைய ஒற்றைப் பிள்ளை குருநாதன். மாரியூர் மணல் பாதையில் கூத்தையாவைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு குருநாதன்தான் ஜீப்பை ஓட்டியிருக்கிறான். முன்சக்கரம் ஒரு பனங்கட்டையில் மோதியதும் ஸ்டியரிங் அவன் கையைவிட்டுச் சுழன்று, வண்டி குப்புற விழுந்துவிட்டது. பிள்ளை அடியில் சிக்கிச் செத்தான். கூத்தையா ஒடிந்த கையோடு பிழைத்துக்கொண்டான். அவன் பிழைத்ததே ஊருக்குப் பொறுக்கவில்லை.

பிள்ளையின் காடாற்றுச் சடங்கு முடிந்த அன்று, ராமநாதபுரத்திலிருந்து மெக்கானிக் மதார் வந்து வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தார். ஸ்டியரிங் டேம்பரைக் காணோம் என்றார். பட்டாளத்து ஏலத்தில் எடுத்த அந்த ஜீப்புக்குப் போன மாதம் அவரே மாட்டிவிட்ட சாமான். முழ நீளக் குழாய், உள்ளே எண்ணெய்.

"மெல்லத் திருப்பினா அது விட்டுக் கொடுக்கும்யா. சக்கரத்துல வெடுக்குன்னு அடி விழுந்தா விடாது. அந்த அடியத் தான் வாங்கிக்கிடும், ஓட்டுறவன் கைக்கு வரவிடாது. காட்டுப் பாதையில ஓடுற வண்டிக்கு அது வேணும்யா."

"யாருலே அதக் கழட்டினது?" என்றார் முத்துராமலிங்கம்.

"நாந்தான்யா."

அதற்குமேல் கூத்தையா வாயைத் திறக்கவில்லை. பழைய இரும்புக்கு விற்றுக் குடித்திருப்பான் என்று கூட்டத்தில் யாரோ சொல்ல, அதுவே ஊர்ப்பேச்சாகிவிட்டது. செருப்படி அதற்குத்தான். பொழுது சாய்வதற்குள் சட்டி பானையோடும் பெண்டாட்டி பூமயிலோடும் அவன் ஊரைவிட்டுப் போனான்.

வீட்டுக்குள் விழுந்து கிடந்த நாகலெட்சுமிக்கு, வண்டிச் சாமானை டிரைவர் திருடியதால் பிள்ளை போனான் என்பது மட்டும்தான் தெரியும். என்ன சாமான், எதற்காக என்று பெற்றவளுக்கு யார் உட்கார்ந்து விளக்கப் போகிறார்கள்? தினமும் வாசலுக்கு வந்து, கூத்தையா குடும்பம் விளங்காது என்று மண்ணை வாரித் தூற்றினாள். அதைக் கேட்கக் கேட்க முத்துராமலிங்கத்துக்கு மனசு கொஞ்சம் ஆறியது.

கருமாதிக்கு முந்தின நாள், நெல் அள்ளப் போனவர் குதிருக்குப் பின்னால் சாக்கில் சுற்றிய எதையோ மிதித்தார். பிரித்துப் பார்த்தார். முழ நீளக் குழாய். முனையில் ஒரு கம்பி நீட்டிக்கொண்டிருந்தது. மெல்ல இழுத்தார், வந்தது. வெடுக்கென்று இழுத்தார், அசையவில்லை.

பெண்டாட்டியிடம் கொண்டுபோய், இது ஏது என்று கேட்டார்.

நாகலெட்சுமி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சாதாரணமாகச் சொன்னாள்.

"நாந்தான் கூத்தையாகிட்டச் சொல்லிக் கழட்ட வச்சேன். காச்சல்ல கெடந்து எந்திரிச்ச பிள்ள, ஸ்டேரிங் கெட்டியா இருக்கு, தோளு கடுக்குதுன்னான். மூக்கணாங்கயித்தத் தளத்தி விடுறாப்புலதானன்னு நெனச்சேன். கூத்தையா முடியவே முடியாதுன்னான். நாந்தான் ஒத்தக் கால்ல நின்னேன். அப்பறம் பிள்ள எம்புட்டு லேசா ஓட்டினான் தெரியுமா? இதக் கூத்தையா எங்கிட்டக் குடுத்துட்டான். மத்தது எதையோ வித்துத் தின்னுட்டானே, பாவி."

முத்துராமலிங்கம் சரி என்று மட்டும் சொன்னார். குழாயைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு வெளியே வந்தார்.

ஏர்வாடியில் ஒரு விறகுக் கடையில், கட்டுப்போட்ட கையைத் தொங்கவிட்டபடி, மற்றக் கையால் கட்டை அடுக்கிக்கொண்டிருந்தான் கூத்தையா. பிள்ளையைக் கொன்றவன் என்று பேரெடுத்த டிரைவருக்கு அந்தச் சீமையில் எவன் வண்டி கொடுப்பான்? அவன் முன்னால் போய் நின்றபோது, செருப்பெடுத்த கையை எங்கே வைத்துக்கொள்வது என்று முத்துராமலிங்கத்துக்குத் தெரியவில்லை.

"அன்னைக்கே ஏண்டா சொல்லல?"

"கழட்டினது என் கைதானய்யா. முடியாதுன்னு இன்னுங்கொஞ்சம் நின்னிருக்கணும்."

அவர் விடவில்லை. ஊர் முன்னால் அவன் காலில் விழக்கூடத் தயார் என்றார். பழைய வீடு அப்படியேதான் கிடக்கிறது, இப்போதே கிளம்பு என்றார். சாக்குத் திரைக்குப் பின்னாலிருந்து பூமயில் ஆசையாக எட்டிப் பார்த்தாள். கூத்தையா அவள் பக்கம் திரும்பாமல் அடுத்த கட்டையைக் குனிந்து எடுத்தான்.

"நான் திரும்பி வந்தா, ஏன்னு அம்மா கேப்பாகய்யா."