ஒரு வீடு விடாம

"எங்க உயிருன்னா உங்களுக்கு அவ்வளவு கிள்ளுக்கீரையா சார்?"

தையல்காரம்மா போட்ட சத்தத்தில் ஸ்டேஷன் வாசலில் நின்றவர்கள்கூட உள்ளே எட்டிப் பார்த்தார்கள். பார்க்கட்டுமே! ஐஸ் ஃபேக்டரியில் காலையில் வாயு கசிந்திருக்கிறது. தெருவே காலி. அவளும் புருஷனும் மட்டும் பின்கட்டு வீட்டில், ஒன்றும் தெரியாமல் மெஷினை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். நெடி ஏறி எழுந்து ஓடுவதற்குள் அவர் வாசற்படியிலேயே சுருண்டு விழுந்துவிட்டார். இப்போது ஆஸ்பத்திரியில், மூக்கில் குழாயோடு கிடக்கிறார். பிழைப்பாரா என்று கேட்டால் டாக்டர் வாயே திறக்க மாட்டேன் என்கிறார்.

"முதல்ல உட்காருங்கம்மா," என்றார் இன்ஸ்பெக்டர்.

"உட்கார வரலை சார். ஏன் எங்களுக்குச் சொல்லலை? அதுக்கு பதில் சொல்லுங்க!"

"நல்லா கேளு தங்கச்சி!"

மேஜையை ஓங்கித் தட்டினார் பக்கத்தில் நின்ற தெரு சங்கச் செயலாளர். விஷயம் தெரிந்ததும் ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்து, அவளை ஸ்கூட்டரில் ஏற்றிக் கூட்டி வந்தவரே அவர்தான்.

"கவுன்சிலர் வீட்டுக்கு மட்டும் உடனே போன் போகும். ஏழைன்னா இளக்காரம்! கதவைத் தட்டி ஒரு வார்த்தை சொன்னா உங்க தொப்பி கழண்டு விழுந்துடுமா?"

அவள் செயலாளரை நன்றியோடு பார்த்தாள். நமக்காகப் பேசவும் ஒரு ஆள் இருக்கிறாரே!

"எந்தத் தெரு நீங்க?"

"ஃபேக்டரிக்குப் பின் தெரு சார்."

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அந்தத் தெருவா? இந்த மாதிரி பெரிய சம்பவம்னா முதல்ல கவுன்சிலருக்குச் சொல்லுவோம். கையோட மைக் வண்டியை அனுப்புவோம். உங்க சந்துக்குள்ள வண்டி நுழையாது. அதனால உங்க தெரு சங்கத்துக்கு நானே போன் பண்ணினேன். 'ஒரு வீடு விடாம சொல்லியாச்சு சார்'னு செயலாளர் திரும்பக் கூப்பிட்டும் சொன்னாரு. அதை நம்பித்தான் என் ஆளுங்களை அடுத்த தெருவுக்கு அனுப்பினேன்."

மேஜை தட்டும் சத்தம் நின்றுபோனது.

தையல்காரம்மா மெல்லத் திரும்பினாள்.

"அண்ணே... அவர் சொல்றது உங்களையா?"

"என்னம்மா அப்படி முறைக்கறே? நான் மட்டும் சும்மாவா இருந்தேன்? நாயா அலைஞ்சு ஒவ்வொருத்தருக்கா சொன்னேன்!"

"எங்க வீட்டுக்கு யாருமே வரலையே! நீங்க ஒரு தட்டு தட்டியிருந்தா அவரு இப்போ என்கூட நடந்து வந்திருப்பாரே!" அவளுக்கு அழுகை வரவில்லை. கொலைவெறிதான் வந்தது.

செயலாளர் அவளை விட்டுவிட்டு இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினார். குரலில் அப்படி ஒரு ரோஷம்.

"என்மேல பழி போடாதீங்க சார். சங்கத்துக்குன்னு ஒரு முறை இருக்கு. வெளியூர்ல இருக்கற இவங்க வீட்டு ஓனருக்கே போனைப் போட்டு, 'வாயு கசியுது, பத்திரமா இருங்க'ன்னு சொல்லிட்டேன். இவங்க வாடகைக்குத்தானே இருக்காங்க!"