தட்டிப் பார்த்து வாங்கியது

“டொக்! கேட்டியா? டொக்னு சத்தம் வந்தா உள்ளே கோளாறுன்னு அர்த்தம். காலையில உன் ரொட்டியும் இப்படித்தான் சொல்லுச்சு.”

கடையில் வரிசையாக வைத்திருந்த ரொட்டி மெஷின்களில் முதலாவதன் மண்டையில் விரல் முட்டியால் தட்டிவிட்டு, அவர் மனைவியிடம் சொன்ன தீர்ப்பு இது.

டைல்ஸ் கம்பெனியில் தரம் பார்ப்பது அவர் வேலை. தட்டினால் ‘டங்’ என்றால் நல்ல சரக்கு. ‘டொக்’ என்றால் விரிசல், ஓரங்கட்டு. கம்பெனியில் அவருக்குப் பெயரே ‘டொக்கு சார்’. பழக்கம் வீட்டுக்கும் தொற்றிக்கொண்டது. தர்பூசணியிலிருந்து தம்பிக்குப் பெண் பார்க்கப் போன வீட்டுக் கதவு வரைக்கும் அவர் தட்டாமல் விட்டதில்லை.

அன்று காலையும் மனைவி சுட்ட ரொட்டியைத் தட்டிப் பார்த்து, “செங்கல்” என்று தள்ளி வைத்துவிட்டுத்தான் கிளம்பினார்.

ஞாயிற்றுக்கிழமை அவருடைய அண்ணனும் அண்ணியும் சாப்பிட வருகிறார்கள். அதற்குள் ரொட்டி மெஷின் ஒன்று வாங்கிவிடுவது என்று முடிவு கட்டியிருந்தார். போன தடவை அவர்கள் ரொட்டியை வாயில் வைப்பதற்குள், “கோவிச்சுக்காதீங்க, இவளுக்கு ரொட்டி கைவராது” என்று இவரே முந்திக்கொண்டார். மனைவி பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனதை அண்ணி பார்த்தாள், இவர் பார்க்கவில்லை.

“வேண்டாங்க. ஓவன் நல்லாத்தானே இருக்கு?” என்றாள் மனைவி.

“அதையா? மெஷின் வந்ததும் முதல் வேலை, அதைப் பழைய இரும்புக்காரன்கிட்ட தள்ளிவிடறதுதான். இடமாவது மிஞ்சும்.”

அவள் முகம் சுண்டிப்போயிற்று. அந்த ஓவன் என்றால் அவளுக்கு உயிர்.

விற்பனைப் பெண் வேகமாக வந்தாள். மனைவியைப் பார்த்ததும் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். மனைவி கண்ணை மூடித் திறந்தாள். அந்தப் பெண் சட்டென்று அவர் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“வாங்க சார். இது நல்லா போற மெஷின். மாவு, தண்ணி, ஈஸ்ட் போட்டு மூடிட்டாப் போதும். தானே பிசையும், தானே பொங்க வைக்கும், தானே சுட்டுடும்.”

“தானே தின்னுடாதே?”

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். பிறகு மூடியைத் திறந்தார், மூடினார். உள்ளே இருந்த பாத்திரத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். நாலு பக்கமும் தட்டிக் காது வைத்தார். பின்னால் நின்றிருந்த இரண்டு பேர் பொறுமையிழந்து மிக்ஸி பக்கம் போய்விட்டார்கள்.

“மெஷின் கிடக்கட்டும்மா. இதுல சுட்ட ரொட்டியைக் காட்டு. ஆள் பேச வேண்டாம், சரக்கு பேசட்டும்.”

அவள் ஒரு மரப்பலகையில் ரொட்டியைக் கொண்டுவந்தாள். “இன்னைக்குக் காலையில சுட்டது சார்.”

அவர் தட்டினார். காதைக் கிட்டே கொண்டுபோனார்.

“டங்!”

எந்த ஊர் ரொட்டியும் டங் என்று சொல்லாது. ஆனால் அவர் காதுக்குக் கேட்டது. ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டார். கண் தானாக மூடிக்கொண்டது.

“ஆகா! பஞ்சுன்னா பஞ்சு! இதுதான்டி ரொட்டி. நீயும் ஒரு வாய் போட்டுப் பாரு, வித்தியாசம் தெரியும்.”

“எனக்கு வேண்டாங்க. காலையிலேயே சாப்பிட்டாச்சு.”

“அந்தச் செங்கல்லையா? பாவம்.” இன்னொரு துண்டு பிய்த்தார். அப்போதுதான் அவருடைய தொழில் கண்ணில் அது பட்டது. “ஏம்மா, அடியில என்ன ஓட்டை?”

“அது... மாவு பிசையற கத்தி நிக்கிற இடம் சார். மெஷின் ரொட்டின்னா கண்டிப்பா ஓட்டை இருக்கும்.”

“பார்த்தியா?” என்று மனைவியிடம் திரும்பினார். “இதுதான் முத்திரை. உன் ரொட்டியில இந்த மாதிரி ஓட்டை இருக்கா?”

“இல்லைங்க.”

“எப்படி இருக்கும்? சரி, உப்பு, சர்க்கரை எல்லாம் என்ன அளவும்மா?”

விற்பனைப் பெண் திருதிருவென்று மனைவியைப் பார்த்தாள்.

“தொழில் ரகசியத்தை எல்லாம் கடையில வச்சுச் சொல்வாங்களா? நீங்க வாங்குங்க, அளவை நான் பார்த்துக்கறேன்,” என்றாள் மனைவி.

வழிக்கு வந்துவிட்டாள் என்று அவருக்கு வாயெல்லாம் பல். இருப்பதிலேயே பெரிய மெஷினாகப் பார்த்து எடுத்துக்கொண்டு பில் போடும் இடத்துக்கு நடந்தார். கார்டைத் தேய்த்தார். பில் வந்தது. பில்லைக் கிழித்து நீட்டிய பெரியவர், டொக்கு சாருக்குப் பின்னால் நின்ற மனைவியைப் பார்த்துத் திகைத்துவிட்டார்.

“என்னம்மா, நீங்க போய் மெஷின் வாங்கறீங்க? அப்ப நாளையிலிருந்து எங்களுக்கு ரொட்டி கிடையாதா?”

“எந்த ரொட்டி?” என்றார் டொக்கு சார்.

“சாம்பிள் ரொட்டிதான் சார். மெஷின்ல சுட்டு வச்சப்போ, தின்னு பார்த்தவன் ஒருத்தனும் மெஷின் பக்கமே திரும்பலை. அப்புறம்தான் அம்மாவைப் பிடிச்சோம். அம்மா சுட்டுக் குடுப்பாங்க. அடியில ஓட்டையை மட்டும் நாங்க போட்டுக்குவோம். இப்ப மெஷின் பிய்ச்சுக்கிட்டுப் போகுது!”

விற்பனைப் பெண் நாக்கைக் கடித்துக்கொண்டாள். டொக்கு சார் கையிலிருந்த பில்லைப் பார்த்தார். ‘விற்ற பொருள் திரும்ப எடுக்கப்பட மாட்டாது’ என்று கொட்டை எழுத்தில் இருந்தது.

“உங்க வாயால ஒரு தடவையாவது நல்லா இருக்குன்னு கேக்கணும்னு ஆசையா இருந்துச்சு. அதான் பேசாம இருந்தேன்,” என்றாள் மனைவி. “தினமும் ரெண்டு சுடுவேங்க. ஒண்ணு இங்கே வந்துடும். இன்னொண்ணைத்தான் காலையில நீங்க தட்டிப் பார்த்துட்டு, செங்கல்னு தள்ளி வச்சீங்க.”